குடிச்சாச்சா

மார்ச் 4
கடையில் சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தபோது விலாவுக்குக் கீழே மறுபடியும் அந்தக் குத்தல். டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். கல், சிறுநீர்க் குழாயில் வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறதாம். வயிற்றைக் கிழிக்க வேண்டாம்; சிறுநீர் வரும் வழியாகவே கேமராவோடு உள்ளே போய், லேசரால் உடைத்துவிடலாம் என்றார்.

கல்! வீட்டுக்காரர் இறந்தபோது நான் அழவில்லை என்று மகள் சொன்னாளே, "உனக்குக் கல்லு நெஞ்சு" என்று. இடத்தைத்தான் கொஞ்சம் தப்பாகச் சொல்லிவிட்டாள். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. நாலு பேர் எதிரில் எனக்கு அழ வராது. அதற்கு நான் என்ன செய்ய?

மார்ச் 6
ஆபரேஷனுக்குக் கடை முதலாளியம்மா துணைக்கு வருகிறார். ஆனாலும் சொந்தக்காரர் போன் எண் ஒன்று வேண்டும் என்றாள் நர்ஸ். மனப்பாடமாகத் தெரிந்தது மகளுடையது மட்டும்தான். கூப்பிட வேண்டாம், பேருக்கு இருக்கட்டும் என்றேன்.

மார்ச் 9
முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, விழித்தேதான் இருந்தேன். திரையில் என் உள்பக்கம். இளஞ்சிவப்புச் சுவர், நடுவே முள்முள்ளாக ஒரு மஞ்சள் கல். இத்துனூண்டுதானா நீ? ஒளி படப் பட உதிர்ந்தது.

"பாருங்கம்மா, மாவாயிடுச்சு" என்றார் டாக்டர்.

இதைப் போய் யாரிடம் சொல்வேன்? அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா என்று நர்ஸ் பதறினாள். வலிக்கவே இல்லை.

மார்ச் 10
வீடு. உள்ளே மெல்லிய குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள், பிறகு எடுப்பார்களாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

மாலையில் மகளிடமிருந்து செய்தி: "தண்ணி குடிச்சாச்சா?"

நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள். அழுததையும் சொல்லியிருப்பாள். 'குடிச்சியா' என்று கேட்டால் என்னோடு பேசினதாகிவிடும். 'குடிச்சாச்சா' என்று சுவரைக் கூடக் கேட்கலாம். "ஆச்சு" என்று அனுப்பினேன். நான் மட்டும் சளைத்தவளா?

மார்ச் 13
"குடிச்சாச்சா?"
"ஆச்சு."

மார்ச் 17
இன்று செய்தி இல்லை. சொம்பை நிரப்பி வைத்துக்கொண்டு போனையே பார்த்திருந்தேன். குடிக்கப் பிடிக்கவில்லை.

மார்ச் 24
குழாயை எடுத்தார்கள். உயிர் போய் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்றார் டாக்டர். அப்போ அவளும் இனி எதற்குக் கேட்கப்போகிறாள்? வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதும் அதே நினைப்பு.

மார்ச் 25
காலையிலேயே செய்தி. "குடிச்சாச்சா?"

ரெண்டு டம்ளர் குடித்து வயிறு உப்பிக் கிடக்கிறது. "இல்லை" என்று அனுப்பினேன்.

உடனே போன் அடித்தது.

"ஏன் குடிக்கல? என்னதான் பண்றே நீ? எழுந்து போய்க் குடிம்மா."

டம்ளரை எடுத்தேன். நான் குடிக்கிற சத்தம் கேட்கும் வரை அவள் போனை வைக்கவில்லை.