பி450-க்கு நேரே இருந்த டிக்

மாப்ள,

வெள்ளி நிறக் கவரைப் பிரித்ததும் புது மதர்போர்டின் வாசனை மூக்கில் ஏறியது. செருப்புக் கடைக்குள் யாரோ ஊதுபத்தி ஏற்றிவைத்தது போல ஒரு வாசனை. உனக்குப் பிடித்திருக்கும். மானகிரியில், உன் வீட்டில், உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் பிரித்தேன். உன் அப்பா வயலுக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் மாட்டி முடிக்க வேண்டும். ஆனால் கை ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டது.

சிங்கம்புணரியிலிருந்து உன் தாய்மாமன் வந்த நாளில் ஆரம்பித்தது எல்லாம். தன் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ப்ராசஸரை, டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து, காதுகுத்துக்குத் தோடு கொண்டுவருவது போலக் கொண்டுவந்தார். "ப்ராசஸரு தாய்மாமன் சீரு. அப்ப மதர்போர்டு மட்டும் அத்தை வீட்டுச் சீராடா?" என்றேன். நீ சிரிக்கவே இல்லை. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் புதுக் கம்ப்யூட்டருக்கு எந்த போர்டு வாங்கலாம் என்று அப்போதே கோடு போட ஆரம்பித்துவிட்டாய்.

இரண்டு கட்டம். ஒன்றில் பி450, இன்னொன்றில் பி550. போர்டில் எது எதோடு ஒத்துப்போகும் என்று தீர்மானிக்கிற சிப்செட்டின் பெயர்கள். பார்க்க இரண்டு போர்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான். நான் எப்போதும் ஐந்நூற்றைம்பது கட்சி. நூறு கூட இருக்கிறதே, சும்மாவா?

"டே, நம்பர் பெருசா இருந்தா திருப்பத்தூர் பஸ்ஸு சீக்கிரம் போய்ச் சேந்துருமாடா?" என்று கேட்டாய். "550 புதுசுதான். ஆனா மாமா குடுத்த ப்ராசஸரு பழசு. அதை இது சேத்துக்காது. திரை இருட்டாவே கெடக்கும்."

மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, 450-க்கு நேரே பென்சிலால் டிக் போட்டாய். தேள் கொடுக்கு மாதிரி வால் தூக்கிய டிக். தாள் கிழிந்துவிடுமோ என்னும் அளவுக்கு அழுத்தம்.

நீ தண்ணீர் குடிக்க உள்ளே போனாய். நான் அதை ரப்பரால் அழித்துவிட்டு, 550-க்கு நேரே அதே கொடுக்கோடு ஒரு டிக் போட்டு வைத்தேன். மறுநாள் நோட்டைத் திறந்து நீ கத்துவாய், நான் சிரிப்பேன். டியூஷனில் உன் போன் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தும்படி மாற்றி வைத்தேனே, அதன் அடுத்த பாகம். அவ்வளவுதான் என் திட்டம்.

மறுநாள் நீ பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை.

நேற்று உன் அப்பா என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார். "அவன் ஆசைப்பட்டதுய்யா. மாட்டி வச்சா அவன் தங்கச்சிப் பாப்பா படிச்சுக்கிரும். நீ கூட வா." கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் உன் ரஃப் நோட்டு. அவர் பின்னால் உட்கார்ந்து காரைக்குடி கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு பெட்டியையும் எடுத்து வைத்தார். "எதை எடுக்கீக அண்ணே? ப்ராசஸரு என்னது?"

"அது வீட்டுல கெடக்கு. எம்மகன் எல்லாம் பாத்து டிக் போட்டுருக்கான்" என்று நோட்டை விரித்தார் உன் அப்பா. "இந்தா, 550."

"மாமா, 450-யே எடுங்க மாமா" என்றேன்.

"என்னடா?"

"அதுதான் நல்லாருக்கும்னு..."

"அவன் கடைசியா எழுதுனதுடா இது. இதை மாத்த நீ யாரு?"

கடைக்காரர் 550-க்கு பில் புத்தகத்தைப் புரட்டினார். வாங்கிப் போனால் திரை இருட்டாகவே கிடக்கும். பிள்ளை தப்பாகத்தான் போட்டிருக்கிறான் என்று உன் அப்பா காலத்துக்கும் நினைத்துக்கொள்வார். உன் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. சொல்லிவிட்டேன். அழித்ததையும், வரைந்ததையும், உன் கொடுக்கைத் திருடியதையும்.

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் நோட்டைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். ரப்பர் அழித்த இடத்தில் உன் பென்சில் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. அதை ஒற்றை விரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"450 குடுங்க" என்றார் கடைக்காரரிடம்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போதுதான் கேட்டார். "ஆஸ்பத்திரிக்கு நோட்டைக் கொண்டாரச் சொன்னான்டா. நெஞ்சு மேலயே வச்சுருந்தான். நீ மாத்துனதை அவன் பாத்திருப்பானோ?"

"பாக்கல மாமா."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வழி நெடுக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, சுமையை இறக்கி வைத்தவர் போல.

மாப்ள, எனக்கு எப்படித் தெரியும்? பார்த்திருந்தால், இது அந்தக் குரங்குப் பயல் வேலைதான் என்று கண்டுபிடித்துச் சிரித்திருப்பாயா? இல்லை, காய்ச்சலில் தலை சுற்ற, நாம்தான் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டே கிடந்தாயா? நீ மூன்று தடவை சரிபார்க்கிறவன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

செய்த குறும்புக்கெல்லாம் கடைசியில் "சும்மாடா" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். இந்த "நெசமா"வுக்கு அப்படிச் சொல்ல முடியாது. சொன்னால் உன் அப்பாவுக்குக் கிடைத்த கொஞ்ச நிம்மதியும் போய்விடும். சொல்லாவிட்டால் அது என்னிடமே கிடக்கும். இப்போதைக்குக் கிடக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.