மரவள்ளிப் பொடிக்குள் ஒரு விண்கப்பல்

பிப்ரவரி 2, திங்கள்

இதை எடுத்துப் படிக்கிறவளே, கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதே.

என்னிடம் போன் இருக்கிறது. அண்ணன் எலிகெம் மரவள்ளிப் பொடி டப்பாவுக்குள் புதைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். விடுதியில் பிடிபட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இறுதித் தேர்வும் எழுத முடியாது. தெரிந்தும், விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் காதில் ஒலிவாங்கிக் கம்பியை மாட்டி ஒலிக்கதை கேட்கிறேன். பிரமாண்டமான விண்கப்பல். அதிலே பிறந்து அதிலேயே சாகிறார்கள். போய்ச் சேரப்போவது கொள்ளுப்பேரன்கள். பாசிக் கூழைக் குடித்துவிட்டுத் தலைவனுக்கு நன்றிப் பாட்டு வேறு. மந்தைகள்! வாசிக்கிறவரோ மூக்கடைத்த குரலில் இழுக்கிறார்.

ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

பிப்ரவரி 5

உபவாச வாரம். கதையில் அந்தச் சின்னப் பெண் செத்துப்போனாள். அழுதேன். அவள் கடைசியாகச் சொன்னதை நானும் முனகியிருக்கிறேன் போல: "கீழ்த் தொட்டித் தண்ணியக் குடிக்காதீங்க." ஜெபத் தலைவி எசினாம் என் கட்டிலருகே மண்டியிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்! காலையில் கட்டிப்பிடித்து, "ஆவி இறங்கிடுச்சுடி உன்மேல!" என்றாள்.

ஆவியாம். முட்டாள்.

பிப்ரவரி 6

எங்கள் விடுதியிலும் ஒரு கீழ்த் தொட்டி உண்டே, இன்று யாரும் அதைத் தொடவில்லை. காவலாளி ஏறிப் பார்த்தார். உள்ளே செத்த ஓணான். இந்த ஊரில் எந்தத் தொட்டியில்தான் ஓணான் சாகவில்லை?

பிப்ரவரி 9

வரிசையில் வருகிறார்கள். "செஃபாகோர், கணக்குல என்ன கேள்வி வரும்னு ஆவிகிட்ட கேளேன்."

"புத்தகத்தைத் திறந்து படிக்கச் சொல்லுது" என்றேன்.

அதற்கும் ஆமென்!

பிப்ரவரி 11

விடுதிப் பொறுப்பாளர் மேடம் க்போடோ கூப்பிட்டார். "இங்க ஒருத்திகிட்ட போன் இருக்கு. நாளைக்குக் காலை ஜெபத்துல கர்த்தர் உனக்கு அவ பேரைக் காட்டுவார், எழுந்து சொல்லு."

தலையாட்டிவிட்டு வந்தேன். வெளியே எசினாம் காதோடு, "மாவுயேனான்னு சொல்லிடு. உபவாசத்துலயே வேர்க்கடலை தின்னவ. வேற யாரா இருக்கும்?"

கடலை தின்றது ஒன்றுதான் மாவுயேனா செய்த குற்றம்.

பிப்ரவரி 12

எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லிவிட்டேன். "என்கிட்டதான் இருக்கு."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாருங்க, யாரையோ காப்பாத்த அவ பாவத்தைத் தன் தலையில ஏத்துக்கிட்டா!" கைதட்டல். எசினாம் தேம்பித் தேம்பி அழுதாள். கழுதைகளா, உண்மையைச் சொன்னால்கூட நம்ப மாட்டீர்களா?

அந்தக் கைதட்டலில் எனக்கு நிம்மதி வந்தது. எழுதவே அருவருப்பாக இருக்கிறது. டப்பாவைக் கொண்டுவந்து கொட்டியிருக்கலாமே? ஏன் செய்யவில்லை?

சாயங்காலத்துக்குள் எசினாம் மேடத்திடம் மாவுயேனாவின் பெயரை ஓதிவிட்டாள். பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். காலையில் அவள் அப்பா வருகிறார். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே செஃபாகோர், நான் இல்லன்னு சொல்லுடி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதே இரவு

எல்லார் பெட்டிகளும் அடுக்கியிருக்கும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காதிலிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். ஒலியை முழுசாக ஏற்றியாயிற்று. மூக்கடைப்புக்காரர் கர்ஜிக்கிறார் — கப்பல் தரையிறங்கப் போகிறதாம். விடுதி முழுக்கக் கேட்கட்டும். இதையும் ஆவி என்று சொல்லுங்கள், பார்ப்போம்.

கட்டில்கள் கிரீச்சிடுகின்றன. யாரோ ஒருத்தி சிரிக்கிறாள். செருப்புச் சத்தம் — மேடம்தான்.

பயமா இருக்கு. நிறுத்த மாட்டேன். கதவைத் தட்டுகி—