ஆள் ஏற்றச் சீட்டுப் போட்ட கூட்டம்

ஆவணி 9, செவ்வாய்

விடிந்ததிலிருந்து கோடைக்காற்று. மேற்கேயிருந்து தூசியும் சூடும். ஏரி இன்னும் வற்றிவிட்டது. முழங்கால் தண்ணீர் இருந்த இடத்தில் கணுக்கால் நனையவில்லை. முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கிறது. கடல் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

செய்ய வேண்டியவை: படகுப் பலகைகளின் கயிற்றுத் தையல் பார்க்க. கயிறு திரிக்க. கோட்டையில் பேச்சு மாற்றிச் சொல்லும் துபாஷியிடம் காகிதம் கேட்க.

இந்தக் காகிதம் ஒல்லாந்தர் கோட்டையில் வேண்டாமென்று எறிந்தது. ஒரு பக்கம் அவர்கள் எழுத்து, மறுபக்கம் என் கிறுக்கல். ஊர்க்கூட்டத்து முடிவுகளை ஓலையில் எழுதுவது என் வேலை. ஓலையில் எழுத முடியாத வயிற்றெரிச்சலுக்கு இது.

ஏரியில் இறால் மிச்சமிருப்பது கால்வாய் வாயில் மட்டும்தான். அங்கே ஒரு நாளைக்கு ஒரு வீட்டு வலை. சீட்டு எடுத்த வரிசைப்படி. அதுதான் பாடு. என் தங்கை பொன்னியின் புருஷன் எல்லப்பன் போன வாரம் அடுத்தவன் பாட்டில் வலை கட்டிவிட்டான். பசி. கிடைத்தது ஒரு கை இறால். அதற்குத் தை மாதம் வரை ஊர்க்கட்டு. பாடு கிடையாது. நெருப்பு, தண்ணீர், தானியம் யாரும் அவன் வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தவன் பாடும் போய்விடும்.

ஓலையில் எழுதியவன் நான். கையெழுத்து அன்றைக்கென்று முத்து முத்தாக வந்தது, சனியன்.

வீட்டுக்காரி முனியம்மா: "உன் தங்கச்சி பொண்ணு நண்டு வளைய நோண்டிக்கினு கீது. நண்டு எங்க கீது? வெறும் மண்ண நோண்டுது."

கயிறு திரிக்க உட்கார்ந்தேன்.

ஆவணி 10, புதன்

படகின் தையல் மூன்று இடத்தில் விட்டிருக்கிறது. பொன்னி வீட்டு வேலியில் நேற்று நாலு கருவாடு செருகிவிட்டு வந்தேன். இன்று காலை அதே கருவாடு, அதே நாரில் கட்டி, என் வேலியில். அவள் வேலைதான். எனக்குப் பாடு போய்விடக் கூடாதாம். சிறு வயதிலிருந்தே இந்த வீம்பு. கோபம் வந்தது. பிறகு கருவாட்டை நாங்களே தின்றோம்.

எல்லப்பன் வாசலில் உட்கார்ந்து வலை தைக்கிறான். இறக்கவே விடாத வலைக்கு என்ன தையல்?

பழவேற்காட்டிலிருந்து துபாஷி வந்தார். வெற்றிலை கேட்டார், இல்லை என்றோம். கப்பல் வந்திருக்கிறது. கோட்டையிலிருந்து ஊருக்கு ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை கூட்டம்.

ஆவணி 12, வெள்ளி

கூட்டம். அம்மன் கோயில் முன். காற்று அடங்கி ஒரே புழுக்கம். ஊர் நாட்டார் (காகிதம் குறைவு, இனி நா.) தலைமை. வராதவர்கள்: காய்ச்சல்காரர்கள், கூச்சப்பட்டவர்கள்.

1. முகத்துவாரம் வெட்டுவது. மண்வெட்டி தூக்க யாருக்குத் தெம்பு? மழை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். ஒத்திவைப்பு.

2. கோயில் மணிக்கயிறு இற்றுவிட்டது. புதுக்கயிறா, பழையதை முடிவதா? இதற்குத்தான் அதிக நேரம் போயிற்று. மூன்று பேர் சட்டையைப் பிடிக்காத குறை. சட்டை இல்லாததால் பிழைத்தார்கள். முடிவு: புதுக்கயிறு, நான் திரிக்க வேண்டும்.

3. கோட்டைக் காரியம். மேற்கே வயல்காட்டு ஜனங்கள் சோற்றுக்காகத் தங்களை விற்றுக்கொள்கிறார்கள். பிள்ளைகளையும். கோட்டை வாங்கிக் கடலுக்கு அப்பால் பத்தாவிக்கு அடிமையாக அனுப்புகிறது. கப்பல் தூரத்தில் நிற்கும். கரையில் அலையைத் தாண்டி ஆளைக் கொண்டுபோக அவர்கள் படகு உதவாது, நம் தையல் படகு வேண்டும். ஐப்பசிப் புயலுக்கு முன் கப்பல் கிளம்ப வேண்டும். கூலி அரிசி.

அரிசி என்றதும் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வடிவேலு எழுந்தான். நல்ல படகோட்டி, வாய் மட்டும் அடங்காது. "மீன் ஏத்தின படகுல மனுசன ஏத்தறதா? அவனும் நம்மள மாதிரி வவுறு காஞ்சவன்தானே?"

நா.: "நாம விக்கலப்பா. வாங்கவும் இல்ல. தண்ணியில தள்ளிக்கினு போறோம், அவ்ளோதான். நாம இல்லன்னா வேற குப்பத்துக்காரன் தள்ளுவான், அரிசி அவன் வூட்டுக்குப் போவும்."

"சரி, மொதல்ல எவன் போறது?"

இதற்கு ஆள் இல்லை. எல்லோருக்கும் அரிசி வேண்டும், எவனுக்கும் முதல் படகு வேண்டாம். அப்போது நான்தான் சொன்னேன்: "பாட்டுக்குப் போடற மாதிரி சீட்டுப் போட்டுட்டா? அம்மன் குடுத்த வரிசைன்னு போயிடும். நாளைக்கு ஒருத்தன ஒருத்தன் கை காட்ட முடியாது பாரு."

கூட்டம் மொத்தமும் மூச்சு விட்டது. நா. என் முதுகில் தட்டினார். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

பூசாரி கண்ணைக் கட்டிக்கொண்டு குடத்தில் கை விட்டார். வழக்கம்போல ஒவ்வொரு பேரையும் நாளையும் ஏரியைப் பார்த்து மும்முறை கூவினோம். ஊர்க்கட்டில் இருப்பவர்கள் கூட்டத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று கேட்கலாம். பொன்னி பூவரச மரத்தடியில் நின்று ஒரு பேர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் காரியம் எப்போது வரும் என்று காத்திருக்கிறாள் என நினைத்தேன்.

கடைசிச் சீட்டு எனக்கு. 20ஆம் தேதி.

4. எல்லப்பன் கட்டு. குறைக்கச் சொல்லி எழுந்தேன். நா.: "உக்காரு. கப்பல் போவட்டும். அடுத்த கூட்டத்துல மொத காரியமே உன் மச்சான் காரியம்தான், நானே எடுக்கறேன்." ஒத்திவைப்பு. உட்கார்ந்தேன்.

மரத்தடியைப் பார்த்தேன். அவள் அதற்குள் போய்விட்டிருந்தாள்.

ஆவணி 13, சனி

முதல் படகு போயிற்று. கரைக்குப் போய்ப் பார்க்காமல் இருந்திருக்கலாம். வரிசையாக மணலில் உட்காரவைத்திருக்கிறார்கள். யாரும் அழவில்லை. அழுவார்கள் என்று நினைத்துப் போனேன். ஒரு ஆள் படகைத் தொட்டுப் பார்த்து, "இது ஆணி இல்லாம எப்படி நிக்குது?" என்று கேட்டான். கடலையே இன்றுதான் பார்க்கிறானாம். கயிற்றுத் தையலைக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டான்.

மாலை: எங்கோ சோறு வேகும் வாசனை. தெருவே வாசலில் நின்று முகர்ந்தது.

மணிக்கயிறு பாதி ஆயிற்று.

ஆவணி 15, திங்கள்

வடிவேலு படகு மூன்றாவது அலையில் கவிழ்ந்தது. நம் ஆட்கள் நீந்தி வந்துவிட்டார்கள். ஏற்றியவர்களில் கரை சேர்ந்தது சிலர்தான். வயல்காட்டு ஜனத்துக்கு நீச்சல் ஏது? கோட்டைத் தரகன் மணலில் நின்று திட்டினான். செத்தவர்களை அல்ல, வடிவேலுவை.

உடனே பூவரசடியில் அவசரக் கூட்டம். எடுத்துக்கொண்ட காரியம் என்ன? செத்தவர்களுக்கு என்ன செய்வது என்றா? இல்லை. வடிவேலு பாடு முடிந்ததா, திரும்பப் போக வேண்டுமா? அவனுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நாள் தள்ளிப்போகுமே.

நா. தீர்ப்பு: "வலை தண்ணியில எறங்கினா பாடு முடிஞ்சிது. மீன் வந்துதா வரலியான்னு என்னைக்காவது கேட்டுக்கிறோமா?" சம்மதம். ஓலையில் ஏற்றினேன். வடிவேலு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாயா என்றிருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. தையல் முழுவதும் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும்.

ஆவணி 17, புதன்

நாள் முழுக்கப் படகு. விரல் தோல் உரிந்துவிட்டது.

பொன்னி வந்தாள். ஊர்க்கட்டில் இருப்பவர்களோடு பேசத் தடை இல்லை, கொடுக்கத்தான் தடை. தள்ளியே நின்றாள். தோள்பட்டை எலும்பு தெரிகிறது.

"அண்ணே, தையல் நல்லா கீதா?"

"புதுக்கயிறு. மலை மாதிரி அலை வந்தாலும் தாங்கும்."

"உன் படகு கவுந்ததே இல்ல இல்ல?"

"நைனா காலத்துலேருந்து இல்ல. இன்னாத்துக்குக் கேக்கற?"

"சும்மாத்தான். வடிவேலு அண்ணன் படகு அப்படி ஆயிடுச்சே."

என்னைப் பற்றிக் கவலைப்படுகிறாள் என்று மனம் இளகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், கப்பல் போனதும் முதல் காரியமே உங்கள் காரியம்தான், எனக்கும் அரிசி வந்துவிடும் என்று சொன்னேன். எல்லாம் நானே சரிசெய்துவிட்டதைப் போலச் சொன்னேன்.

"சரிண்ணே," என்றாள்.

முனியம்மாவிடம் சொன்னேன். "பொன்னி சரின்னு சொல்லி நா கேட்டதே இல்ல," என்றாள். பெண்பிள்ளைப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

ஆவணி 20, சனி

என் பாடு.

காற்று இல்லை, ஆனால் அலை பெரிது. துடுப்புக்காரர்கள் வந்தார்கள். நான் பின்னால் சுக்கான் பிடித்து நின்றேன். ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன். காலை மட்டும் பார்த்தேன்.

ஒரு சின்னக் கால். கொலுசு இருந்த தடம். "மாமா," என்றது.

பொன்னி மகள். பின்னால் பொன்னி. எல்லப்பன் தலை நிமிரவில்லை.

சுக்கானை விட்டுவிட்டு இறங்கினேன். "எறங்குங்க. எறங்குடி. கப்பல் போனா கட்டு போயிடும்னு சொன்னேனா இல்லியா?"

"போயிடும்னு நீ சொன்ன. நாட்டாரு பேசறேன்னுதான் சொன்னாரு." கத்தவில்லை. சமையல் விஷயம் பேசுவதைப் போலப் பேசினாள். "பொண்ணு ரெண்டு நாளா எய்ந்திருக்கல அண்ணே, நேத்து கஞ்சி ஊத்தினப்புறம்தான் எய்ந்துது. மொத படகுலயே போயிருப்போம். யார் படகோன்னு பயம். கூவும்போது கேட்டுக்கினேன், கடைசி உன் பாடு. அதுவரைக்கும் இருந்தோம். உன் படகுன்னா புள்ள நனையாம போய்ச் சேரும்."

துபாஷியிடம் ஓடினேன். காலில் விழுந்தேன், எழுதுவதற்கு வெட்கம் இல்லை. "நேத்தே பேர் குடுத்து அரிசி வாங்கிட்டாங்க. அரிசிய கொண்டா, பேச்சுப் பார்க்கறேன்," என்றார். "எங்கடி அரிசி?" என்று கத்தினேன். எல்லப்பன் அப்போதுதான் வாய் திறந்தான். "வாணாம் மச்சான். வுடு."

தரகன் கழியை ஓங்கினான். நான் போகாவிட்டால் துடுப்புக்காரர்களே கொண்டுபோயிருப்பார்கள். சுக்கான் பிடிக்க அவர்களில் எவனுக்கும் தெரியாது.

ஏறினேன்.

என் ஆயுளில் இவ்வளவு நன்றாகப் படகு விட்டதில்லை. மூன்று அலையும் அடியில் போயிற்று. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. குழந்தை சிரித்துவிட்டது, ஊஞ்சல் என்று.

கப்பல் ஏணியில் பொன்னி கடைசி. என் கையைப் பார்த்தாள். "விரல்ல மஞ்சள் வெச்சிக்கோ," என்றாள்.

திரும்பும்போது படகு ஒரு அலையில் சாய்ந்தது. சாய்ந்தால் சாயட்டும் என்றிருந்தது. நிமிர்ந்துவிட்டது.

ஆவணி 21, ஞாயிறு

கப்பல் போய்விட்டது. விடிந்து பார்த்தால் வெறும் தண்ணீர்.

நேற்று வீட்டுக்கு வந்ததும் கஞ்சி கொதிக்கும் வாசனை. முனியம்மா அடுப்பருகே அழுதுகொண்டிருந்தாள். நான் கரைக்குப் போனபின் பொன்னி ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தாளாம். "குடுக்கக் கூடாதுன்னுதான் கட்டு, வாங்கக் கூடாதுன்னு இல்லியே அண்ணி," என்றாளாம். அரிசி ஏது என்று முனியம்மா கேட்குமுன் போய்விட்டாளாம்.

மூட்டையோடு ஓடலாமா என்று எழுந்தேன். கப்பலுக்கா?

கஞ்சியைச் சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஆனால் பசித்தது.

ஆவணி 23, செவ்வாய்

மறுபடி கோடைக்காற்று. கூட்டம். புதுக்கயிறு கட்டியாயிற்று, மணி நன்றாகக் கேட்கிறது என்றார்கள்.

நா. சொன்ன சொல் தவறவில்லை. முதல் காரியமே எல்லப்பன் கட்டு. "ஆளே இல்லாத வூட்டுக்கு இன்னா கட்டு? எடுத்துடலாம்." எதிர்ப்பு இல்லை. என்னையும் கேட்டார்கள். சம்மதம் என்றேன். வேறென்ன சொல்ல? கட்டு நீக்கப்பட்டதாக ஓலையில் எழுதினேன். இன்று எழுத்து கோணல்.

இரண்டாவது: பாட்டுக்குப் புதுச்சீட்டு. ஒரு வீடு குறைந்ததால் எல்லோருக்கும் முறை சீக்கிரம் வரும். முதல் சீட்டு எனக்கே விழுந்தது. நாளைக் காலை. வடிவேலு எழுந்து போய்விட்டான்.

என் வலை முழுக்க எலி கடித்த ஓட்டை. நா. தோளில் கை வைத்து, "உன் மச்சான் வலை சும்மாத்தானே கீது. ஒனக்கு இல்லாத பாத்தியமா?" என்றார்.

போய் எடுத்து வந்தேன். சுவரில் மடித்துத் தொங்கவிட்டிருந்தான். நூல்கண்டும் ஊசியும் அதிலேயே செருகி. விரித்துக் கண் கண்ணாகப் பார்த்தேன். ஒரு கண்ணி அறுந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் தைத்து முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.