புகை வந்த வீடு

இல்லை, குப்பை எரியும் நாற்றமல்ல. ஆவாரம்பட்டைச் சக்கை. ஆம்பூர் மிஷன் பங்களாவின் பின்புறம் காவலாளி வெந்நீர் போடுகிறார். தோல் பதனிடும் ஷாப்புகளில், தோல் ஊறிய குழியிலிருந்து அள்ளிக் கொட்டும் பட்டை, காய்ந்தால் நன்றாக எரியும். ஜன்னலைச் சாத்தினேன். வாசனை உள்ளேயே நிற்கிறது.

நீயும் நானும் பிறந்த ஊரில் சமைக்க ஏதுமில்லாதவள் அடுப்பு மூட்டமாட்டாள். சாயங்காலம் உங்கள் கூரையில் புகை இல்லையென்றால் யாராவது கூழோடு வருவார்கள். மறுநாள் விடியுமுன் கூழ் தந்தவர்களின் மாட்டுக் கொட்டகையில் உன் அம்மா சாணம் அள்ளுவாள். அவளுடைய அம்மாவும் அங்கேதான் அள்ளினாள். பசி மாறவில்லை. கொட்டகையும் மாறவில்லை.

நீ மாட்டேன் என்றாய். "கேட்டு வாங்கற கூழும் வாணாம், கேக்காம வர்ற கூழும் வாணாம்டீ." நான் பட்டணத்துக் கல்லூரிக்கு ரயிலேறிய வருஷம் நீ ஆம்பூர்த் தோல் ஷாப்புக்கு, ஆட்டுத்தோலில் மயிர் நீக்கும் வேலைக்கு வந்தாய்.

போன கோடையில் மிஷன் வேலையாக நோட்டோடு உன் தெருவுக்கு வந்தேன். தோல் விலை விழுந்து, ஷாப்புகள் பாதி மூடிக்கிடந்தன. எந்த வீட்டுக்கு இலவச அரிசிச் சீட்டு வேண்டும் என்று மிஷன் அம்மாளுக்கு நான் எழுதித் தர வேண்டும். உன் வீட்டில் புகை. அடுப்பில் மூடிய பானை.

"வாடி காலேஜு. இன்னா, கணக்குப்புள்ள வேலைக்கு வந்துட்டியா?"

"சாப்ட்டியா?"

"அடுப்புல கீது, தெரியல?"

"இன்னா கொழம்பு?"

"சொன்னா நீ இங்கியே உக்காந்துடுவ. போடி, அடுத்த வூட்டப் பாரு."

சிரித்தேன். 'தேவையில்லை' என்று எழுதினேன். சாப்பாட்டு வேளையில் வந்தவளை நீ சாப்பிடச் சொல்லவில்லை. அது எனக்கு உறைக்கவில்லை.

ஐப்பசியில் நீ போய்ச் சேர்ந்தாய். காய்ச்சல் என்றார்கள். அடுத்த வீட்டு அக்கா என்னைத் தனியே அழைத்தாள்.

"வெறுந்தண்ணிம்மா கொதிச்சிது. இங்க சக்கை சும்மா கெடைக்கும், அரிசியா சும்மா கெடைக்குது? வேலை இல்லன்னு தெரிஞ்சா வூட்டுக்காரன் காலி பண்ணச் சொல்வான். நாங்க அல்லாரும் அப்படித்தான் எரிக்கிறோம்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே அக்கா?"

"எங்க பானையில மட்டும் இன்னா இருந்துச்சி?"

ஊரில் உன் பசியை எல்லோரும் அறிந்திருந்தார்கள், விலையும் வாங்கினார்கள். இங்கே விலை கேட்க ஆளில்லை. பார்க்கவும் ஆளில்லை. பார்ப்பதற்கென்றே வந்தவள் நான். புகையை ஊர்க்காரியின் கண்ணால் படித்துவிட்டுப் போனேன்.

நீ கேட்டிருந்தால் எழுதியிருப்பேன் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். நீ கேட்பவள் இல்லை. அது உன் தெருவிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தப் பானையின் மூடி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அந்தத் தூரம் இன்னும் கையில் இருக்கிறது.

இன்று காலை மிஷன் அம்மாளிடம் பழைய பட்டியலைத் திரும்ப வாங்கினேன். உன் தெருவில் 'தேவையில்லை' என்று நான் எழுதியதையெல்லாம் அடித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் 'சீட்டு கொடுக்கவும்' என்று எழுதி, பிழை என்னுடையது என்று கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.