அப்பாவுக்கு ஓவன் வாங்கி அனுப்பாதே

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது, பழக்கதோஷம், ஆனால் முழு மனதோடு எழுத முடியவில்லை. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, சலவைக்கடையில் நின்றுகொண்டே இஸ்திரி போடுகிறவளுக்கு அது எங்கே போகப்போகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் போன் வந்தாலே அவர் ஓடிவந்து ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை பேச வழியில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் உன்னிடம் கேட்ட கேஸ் ஓவனை வாங்காதே. ஆர்டர் போட்டிருந்தால் நிறுத்திவிடு. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி, பாதியிலேயே என்னைத் திட்ட ஆரம்பிக்காதே.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்து போனதே, அதோடு அவருக்கு வாசனை தெரிவதும் போய்விட்டது. கொஞ்சம்கூட இல்லை. காது மூக்கு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நரம்பு போய்விட்டது, இனி திரும்பும் என்று நம்பவேண்டாம் என்றார். அப்பாவிடமும் சொன்னார்தான், ஆனால் இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, மூக்கு அடைச்சிருக்கு, அவ்வளவுதான் என்று ஆவி பிடித்துக்கொண்டே இருக்கிறார். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சரி போகட்டும் என்று விட்டிருக்கலாம். உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாததா. ஃபேக்டரி கேன்டீனில் இத்தனை வருஷம் ஆள் படுக்கிற அளவு தட்டுகளில் அடுக்கி ஓவனில் கேசரோல் வேகவைத்தவர், ஒரு நாளும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை, கடிகாரத்தையும் பார்த்ததில்லை. ருசி பார்த்தா எனக்கே வயிறு ரொம்பிடும், அப்புறம் அடுத்தவன் பசி எனக்கு எப்படித் தெரியும் என்பார். மேலே மூடின ஃபாயிலின் ஓரத்தைத் தூக்கி ஒரு மோப்பம், அதிலேயே உப்பும் வேக்காடும் அவருக்குத் தெரிந்துவிடும். குளியலறையில் தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டே அங்கிருந்து அணைச்சிடு, அணைச்சிடு என்று கத்துவார், நான் ஓடிப்போய்ப் பார்த்தால் மேலே சரியாகப் பொன்னிறமாக இருக்கும். அவர் மூக்கை நம்பித்தான் நம் வீட்டில் அடுப்பே எரிந்தது. ஒரு அலாரம்கூட வாங்கி வைக்கவில்லை பார்.

நீ அதைக் கேசரோல் என்று சொல்லமாட்டாய், மூடிவச்சது என்பாய். இன்னைக்கு மூடிவச்சது உண்டா என்று கேட்டுக்கொண்டே பள்ளிக்கூடப் பையைத் தூக்கி எறிவாய். பெரிய சமையல் ஒன்றும் இல்லை, உருளைக்கிழங்கை மெலிசாக வட்டமாக நறுக்கி அடியில் பரப்பி, மேலே வெங்காயம், காரட், முதல் நாள் மிஞ்சின கோழி, காய்ந்துபோன ரொட்டித் துண்டு, எல்லாவற்றின் மேலும் பாலில் அடித்த முட்டை. கையில் காசு இருக்கிற மாதம் கொஞ்சம் சீஸ். நீயும் தங்கச்சியும் அதைத் தின்றுதான் ஆளானீர்கள். நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் உங்களுக்குப் போட்டு, முகம் துடைத்துப் படிக்க உட்கார்த்தி வைத்திருப்பார். நீ பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டு வந்த அன்றைக்கு எவ்வளவு மார்க் என்று நான் குதித்தேன், அவர் ஒன்றும் கேட்காமல் உன் தட்டில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தார். நீ காலேஜ் படிக்கும்போது சிநேகிதிகளோடு சிகரெட் பிடித்துப் பார்த்துவிட்டு வாயில் ஏலக்காயை அதக்கிக்கொண்டு வந்தாயே, எனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. உன்னிடம் அறை ஜன்னலைத் திறந்து வைம்மா என்று மட்டும் சொன்னார். என்னிடம், வளர்ற பொண்ணு, ஒரு தடவை பார்க்கட்டும், நாம பார்த்துக்கிட்டு இருக்கோம்ல என்றார். அவரிடம் பொய் சொல்லி நீங்கள் இரண்டு பேரும் தப்பித்ததே இல்லை. இப்போது வீட்டில் எல்லோரும் கூசாமல் அவரிடம் பொய் சொல்கிறோம், அவருக்குத் தெரியவில்லை.

காய்ச்சல் விட்டபிறகு, முதலில் அடி கருகின தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கரிக்கட்டை வாசம் தெருவுக்கே அடித்தது, அவர் பெருமையாக எப்படி இருக்கு என்று கேட்டார். நாங்களும் சிரித்துக்கொண்டு மேலாக வழித்துத் தின்றோம். அப்புறம் ஒரு நாள் நான் சாயங்காலம் கடையிலிருந்து வருகிறேன், மாடிப்படியிலேயே கேஸ் நாற்றம் மூச்சை அடைக்கிறது. கதவைத் திறந்தால் ஓவன் குமிழ் முழுசாகத் திருகியிருக்கிறது, நெருப்பு பற்றவே இல்லை. தங்கச்சி மகள், நம்ம வாலு, சமையலறை மேஜையில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள், படம் வரைகிற பென்சில் கையிலேயே இருக்கிறது. இவர் ஓவன் முன்னால் குனிந்து நின்றுகொண்டு, ஏன் சூடு வரலை என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு தீப்பெட்டியைத் திறக்கிறார். நான் எப்படி அந்தக் கையைத் தட்டிவிட்டேன், எப்படி அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன் என்று எனக்கே தெரியாது. குழந்தை வாந்தி எடுத்துவிட்டு எழுந்துவிட்டாள், பிழைத்தோம்.

அன்றைக்கே நான் நேருக்கு நேர் சொல்லியிருக்க வேண்டும், இனிமேல் நீங்கள் அடுப்பைத் தொடக்கூடாது என்று. வாய் வரவில்லையடி. குமிழ் லூசாயிடுச்சு, அதான் என்று அவரே சொன்னார், நானும் ஆமாம் என்றேன். மறுநாள் கேஸ் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக் கெஞ்சி, உள்ளே இருந்து ஒரு பாகத்தைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னேன். அந்த மனுஷனும் நல்லவர், ஐயா, இந்த பார்ட் இப்ப எங்கேயுமே வர்றதில்லை என்று தலையைச் சொறிந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனார். தனியாக இருக்கிற கேஸ் அடுப்பில் இப்போது நான் மட்டும்தான் சமைக்கிறேன், கடைக்குப் போகும்போது சிலிண்டரைப் பூட்டிவிட்டுப் போகிறேன், ஊரில் திருட்டு பயம் என்று அதற்கும் ஒரு கதை. தங்கச்சி குழந்தையை இங்கே விடுவதை நிறுத்திவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அப்பாவிடம் வாலு பாட்டு கிளாஸ் போகிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறோம். அவரும் நம்பிக்கொண்டு, எங்கே ஒரு பாட்டுப் பாடு என்று போனில் கேட்கிறார், அது முழிக்கிறது.

இதெல்லாம் போதாதென்று போன வாரம் நடந்தது. நான் கடையில் இருக்கும்போது இவர் பழைய மாதிரியே ஒரு தட்டு அடுக்கி, ஃபாயில் மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டுத் தையல்காரம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார், உங்க ஓவன்ல கொஞ்சம் வச்சுத் தாங்க என்று கேட்டிருக்கிறார். அவள் விவரம் இல்லாதவள் இல்லை, ஆனால் பயந்துவிட்டாள். ஐயா தப்பா எடுத்துக்காதீங்க, உங்களை அடுப்புப் பக்கம் விடவேண்டாம்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காங்க என்று சொல்லிவிட்டாள். நான் வந்தபோது வேகாத தட்டு மேஜை மேல் இருந்தது, உருளைக்கிழங்கு கறுத்துப்போயிருந்தது. என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியுமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா, இல்லை. அவ ஏதோ உளறியிருக்கா, ஓவன் ரிப்பேர்தானே என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, பெரியவ அனுப்புவா, அவளுக்கு என் கை தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதிலிருந்து என்னோடு பேச்சில்லை, நான் போடுவதில் இரண்டு வாய்தான் இறங்குகிறது.

இப்போது புரிகிறதா, நீ வாங்கி அனுப்புகிற அந்த ஓவன் இந்த வீட்டில் யாரையாவது கொண்டுபோய்விடும். அனுப்பாவிட்டால் அவருக்கு மனசு விட்டுப்போகும். இரண்டுக்கும் நடுவில் நான் பொய் சொல்லிச் சொல்லிச் செல்லாக்காசாகிவிட்டேன், இனி உண்மையைச் சொன்னாலும் அவர் நம்பமாட்டார். நீதான் சொல்ல வேண்டும். பணம் இல்லை என்று சொல்லாதே, காத்திருப்பார். கப்பலில் வர நாளாகும் என்று சொல்லாதே, அதற்கும் காத்திருப்பார். அப்பா, உங்களுக்கு வாசனை தெரியவில்லை, இனி நீங்கள் அடுப்பு பற்றவைக்க வேண்டாம், அன்றைக்கு வாலு செத்திருப்பாள் என்று நேராகச் சொல்லிவிடு. அது அவருக்கு இன்னும் தெரியாது, கேஸ் எவ்வளவு நிரம்பியிருந்தது என்று நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. பெற்ற பெண்ணிடம் இதைக் கேட்கிறேனே என்று எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பிள்ளை வளர்ந்து சம்பாதிக்க வேண்டும், குடும்பம் நடத்த வேண்டும் என்றெல்லாம் ஆசைப்பட்டேன், வளர்ந்து இப்படி ஒரு வேலை செய்யவேண்டி வரும் என்று நினைக்கவில்லை. போனை வைத்துவிட்டாரானால் கோபப்படாதே, திரும்பக் கூப்பிடு, எடுக்கும்வரை கூப்பிடு. தங்கச்சியோடு இதற்காகச் சண்டைக்குப் போகாதே. குளிர் என்று சொன்னாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இரண்டு பேரும் ஒற்றுமையாக, ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாயிருக்க வேண்டும், வேறென்ன வேண்டும் எனக்கு.

கடிதத்தை மடிக்கப் போனேன், அப்பா சமையலறையிலிருந்து கூப்பிட்டார். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் என்னைக் கூப்பிடுகிறார். பழைய ஓவனை ஓரமாக நகர்த்திவிட்டு, அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடி என்றார், பிடித்தேன். காலியான இடத்தின் அகலத்தையும் உயரத்தையும் இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னார், பெரியவளுக்குத்தானே எழுதறே, மறக்காம இதையும் எழுதிடு என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எழுதவில்லை. சீக்கிரம் கூப்பிடு.

உன்
அம்மா