தயவுசெய்து இன்று வங்கிக்குப் போக வேண்டாம்

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு,

அயர்ந்து உறங்கும் தங்களை எழுப்ப மனம் வராமல் இதை எழுதுகிறேன். நம் பெல்ட் பட்டறைக்குப் பக்கிள் அனுப்பும் சீனத்து லின் அம்மையாரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்ததல்லவா? விசாரிக்கலாமா என்று நேற்று நான் கேட்டதற்கு, "இத்தினி வருஷப் பழக்கம், சந்தேகப்பட்டா அவங்க இன்னா நினைப்பாங்க?" என்று கடிந்துகொண்டீர்கள்.

மன்னிக்க வேண்டும், அத்தை. பழைய பக்கிள் பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணுக்குக் காலையில் வீடியோ அழைப்பு செய்துவிட்டேன். கணக்கு மாறவே இல்லையாம்! அந்த மின்னஞ்சல் எவனோ மோசடிக்காரன் அனுப்பியது. தங்கள் வளையலை அடகு வைத்து, இன்று அவருக்கு அனுப்பவிருந்த முன்பணம் தப்பியது!

நான் பட்டறையைத் திறக்கச் செல்கிறேன். ராணிப்பேட்டைத் தோல் வண்டி வந்தால் அங்கே அனுப்பிவிட வேண்டுகிறேன். கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது.

தங்கள் பணிவுள்ள மருமகள்,
தமிழினி

பி.கு.: லின் அம்மையார் சிறிதும் கோபித்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "என் மாமியாரும் இப்படித்தான், யார் எது சொன்னாலும் நம்பிவிடுவார்" என்று அவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அதற்கு மட்டும் தாங்கள் என்னைத் தாராளமாகத் திட்டலாம்.