புளி போட்டுத் தேய்த்த ரயில் என்ஜின்

அன்புள்ள சிவசக்திக்கு,

மழை விட்டும் ஈரம் காயாத சிதம்பரத்திலிருந்து அப்பா எழுதுகிறேன். உன் அம்மாவின் மூட்டுவலியையும் என் இருமலையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் நாங்கள் நன்றாகவே இருக்கிறோம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். இந்த விஷயத்தைப் போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து தன் கட்சியைப் பேசுவாள், அதனால் எழுதுகிறேன்.

சுப்புராயன் மாமாவின் காதுக்கு மிஷின் வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்று நீ சொன்னபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். நீ கோபித்துக்கொள்ளாமல், 'அப்ப உங்க ரயில் பொம்மைங்கள ஆன்லைன் ஏலத்துல விடலாமே மாமா' என்று வாட்ஸ்அப்பில் எழுதினாய். கப்பலில் என்ஜின் அறைச் சத்தத்தில் காதைத் தொலைத்தவர், அதே கப்பல் நின்ற ஊர்களில் வாங்கிச் சேர்த்த குட்டி ரயில்கள் அவை. அதை விற்று வாங்கினால் அது என் காசு, யாருக்கும் நான் கடமைப்பட வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து நீ வேலை முடிந்து வந்து, படம் எடுப்பது எப்படி, விவரம் எழுதுவது எப்படி என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். பெட்டிகளும் தண்டவாளங்களும் விற்றது உனக்குத் தெரியும். எல்லாவற்றிலும் விலை கூடிய ஜப்பான் பித்தளை என்ஜினை ஓஹையோக்காரர் ஒருவர் ஏலத்தில் எடுத்ததும் தெரியும். அதன் பிறகு நடந்ததை உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நேற்றுதான் விடுதலை கிடைத்தது.

பார்சல் கட்டுவதற்காக என்ஜினை நம் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அனுப்பும் செலவை விசாரிக்கத் தபாலாபீஸ் போனேன். திரும்பி வந்தால் உன் அம்மா குழாயடியில் குத்துவிளக்கோடு அதையும் வைத்துப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். என்ஜின் தங்கம் மாதிரி மின்னுகிறது. 'வெளிநாட்டுக்குப் போற சாமான், மூஞ்சி கழுவாமயா அனுப்புவாங்க' என்கிறாள். இந்தப் பொருளைச் சேர்க்கிறவர்களுக்குப் பழைய வார்னிஷும் மங்கிய நிறமும்தான் முக்கியம் என்று சொன்னதும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கண்ணன் காது என்னாலதான் போச்சு என்பதைத் தவிர அன்று முழுக்க வேறு பேச்சில்லை, சாப்பாடும் இல்லை. நான் புதிதாகப் படம் எடுத்து, நடந்ததை நடந்தபடி ஓஹையோவுக்கு எழுதினேன். அந்தப் பழைய நிறத்துக்காகத்தான் கேட்டேன், மன்னிக்கவும், வேண்டாம் என்று பதில் வந்தது. ஒரு கடுஞ்சொல் இல்லை, அவர் நன்றாக இருக்கட்டும்.

அண்ணனிடம் தானே சொல்ல வேண்டும் என்று உன் அம்மா பிடிவாதம் பிடித்தாள். என்ஜினையும் எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறித் திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டுக்குப் போனோம். காது கேட்காதவரிடம் தப்பை ரகசியமாகவா ஒப்புக்கொள்ள முடியும்? 'அண்ணே, புளி போட்டுத் தேச்சிட்டேண்ணே' என்று இவள் கத்த, 'யாரு செத்துட்டா?' என்று அவர் கேட்க, மறுபடியும் கத்த, கீழ்க்கடை டெய்லர் கொளஞ்சி ஊசியும் கையுமாக மாடியேறி வந்துவிட்டார். விஷயம் புரிந்ததும் மாமா, 'பளபளன்னுதான இருக்குது, இதுக்கா அழுவுற, எழுந்து காப்பி போடு' என்றார். ஆனால் அவள் அடுப்பங்கரைக்குப் போன பின் என்ஜினைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷினுக்குக் காது அளவெல்லாம் கொடுத்துவிட்டு வந்திருந்தார், பாவம்.

குறையை முதல் வரியிலேயே எழுதிடுங்கப்பா என்று நீ ஆரம்பத்தில் சொன்னதை வைத்துக்கொண்டு மறுபடி ஏலத்தில் போட்டேன். சொந்தக்காரரின் தங்கை புளி போட்டுத் தேய்த்துவிட்டார், வார்னிஷ் முக்காலும் போய்விட்டது என்பதுதான் முதல் வரி. கொஞ்ச நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு நியூசிலாந்திலிருந்து ஒருவர் கேட்டார். பித்தளை என்ஜின்களுக்கு வண்ணம் தீட்டுவது அவர் வேலையாம். வண்ணம் பிடிக்க எப்படியும் வார்னிஷை எடுத்தாக வேண்டும், எனக்குப் பிடிக்காத வேலை அதுதான், முடித்துக் கொடுத்த அம்மாவுக்கு நன்றி, எவ்வளவு நேரம் ஊறவைத்தார் என்று எழுதியிருந்தார். 'ஊறலாம் வெக்கல, கை வலிக்கத் தேச்சேன்னு போடுங்க' என்று உன் அம்மா பதில் சொன்னாள். அன்றுதான் அவள் முகம் தெளிந்தது.

ஓஹையோ விலை வரவில்லை. வந்தது ஒரு காதுக்குத்தான் போதும். மாமா வலது காதுக்கு மாட்டிக்கொண்டார். 'இடது காது இப்படியே கெடக்கட்டும் மாப்ள, என் தங்கச்சி பேசுறப்ப அந்தப் பக்கம் திரும்பிக்குறேன்' என்கிறார். உன் அம்மா முறைக்கிறாள், ஆனால் சந்தோஷம்.

பணத்தைக் கொடுத்து முடிப்பது உனக்குச் சுலபம். அவர் மனம் நோகாத வழியைத் தேடி அத்தனை மாலைகளைச் செலவழித்தாயே, அதற்கு நானும் உன் அம்மாவும் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. காடாம்புலியூர் முந்திரி அனுப்பியிருக்கிறேன், வறுத்து வைத்துக்கொள். ராத்திரி கண் விழிப்பதைக் குறை. மூவரும் நூறாண்டு நலமாக இருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் போனில் கூப்பிடு. கத்தாதே அம்மா, மெதுவாகப் பேசு, கேட்கும்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
பஞ்சநாதம்